முப்பத்திரண்டு கம்பியும் ஒரு கடன் நோட்டும்

இலவசமாக எது வந்தாலும் தூத்துக்குடிக்காரன் அதை ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்தது. அது போதாதென்று சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்றது. அதற்கும் மேலே போய் ஆளுக்கொரு குடையும் தருகிறேன் என்றது. அந்தக் குடைக்கு ஆசைப்பட்டு ஏறியவர்களில் என் கொள்ளுத்தாத்தா ஒருவர் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் 2023 தொடக்கத்தில் போன் செய்து, "மாமா, நான் கனடா போறேன், என் சைக்கிளை நீங்க வச்சுக்குங்க, காசெல்லாம் வேண்டாம்" என்றதும் "அனுப்பு" என்று சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகாததற்கு வேறு காரணம் தெரியவில்லை.

சைக்கிள் மைசூர் எக்ஸ்பிரஸில் பார்சலாக வந்து இறங்கியது. சாக்கைப் பிரித்தபோது வீட்டிலிருந்த மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முன்னால் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் தடித்த இரண்டு கால். அமுக்கினால் 200 மில்லிமீட்டர் உள்ளே போகும் என்றான் மருமகன் போனில். பின்னால் ஒரு சுருள்வில். சீட் எங்கோ பாதாளத்தில் கிடந்தது. மொத்தம் பதினாறு கிலோ. மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, பெல் கிடையாது. "இத்தன துட்டுக்கு ஒரு ஸ்டாண்டு கூடவா குடுக்கல?" என்றாள் என் மனைவி.

நான் பார்த்தது பின்சக்கரத்தை. எண்ணெயில் விழுந்த அப்பளம் எந்தப் பக்கம் சுருளலாம் என்று யோசிக்குமே ஒரு கணம், அந்தக் கணத்தில் அப்படியே உறைந்துபோன வடிவம்.

"அதுவா மாமா? சக்லேஷ்பூர்ல ஒரு கல்லுல விட்டுட்டேன். வீல் மட்டும் மாத்திக்குங்க. டவுன்ஹில்லுக்கு வீல்தான் உயிர்."

'உயிர்' என்று அவன் சொன்னது உவமை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

டவுன்ஹில் என்றால் மலையுச்சியிலிருந்து கீழே இறங்குவது. அவ்வளவுதான். ஏறுவது கணக்கில் கிடையாது. ஜீப்பிலோ இழுவைக் கம்பியிலோ ஏற்றிவிடுவார்கள். பாறை, வேர், பள்ளம் எல்லாவற்றின் மேலும் மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் இறங்கி, நடுவில் வீடளவு உயரத்திலிருந்து குதித்து, கீழே முழுசாக வந்து சேர்கிறவர்களில் யார் வேகமாக வந்தார் என்று பார்ப்பார்கள். இந்த விளையாட்டுக்கென்றே செய்த சைக்கிள், மன்னார் வளைகுடா தாலாட்டும் எங்கள் ஊருக்கு வந்திருந்தது.

எங்கள் ஊரின் உயரங்களை நான் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டேலி கிளார்க் உத்தியோகம். கண்ணில் படுவதை எண்ணிக் குறித்துவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். முதலாவது, ரயில்வே மேம்பாலம். இரண்டாவது, உப்பள ஓரத்தில் குவித்து வைத்திருக்கும் உப்பு அம்பாரம். தூரத்திலிருந்து பார்த்தால் இமயமலைதான், கிட்டப் போனால் மேலே தார்ப்பாய் கட்டியிருக்கும். மூன்றாவது கிடையாது. பாறை என்று பார்த்தால் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இரண்டும் கருங்கல்லைக் கொட்டிக் கட்டியவைதான். ஒவ்வொன்றும் நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகிறது. மலைச் சைக்கிள்காரன் பார்த்தால் கண்ணீர் விடுவான். அங்கே சைக்கிளோடு போனால் துப்பாக்கியோடு நிற்கும் காவலரைப் பார்த்து நாமும் கண்ணீர் விடலாம். மாவட்டத்துக்குள் கழுகுமலை இருக்கிறதே என்பீர்கள். பாண்டியர் காலத்துச் சிற்பி பாதியில் விட்டுப்போன வெட்டுவான் கோயில் இருக்கிற மலை அது. அதன் மேலிருந்து சைக்கிளில் குதித்து மிச்சத்தையும் உடைத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்று. எங்கள் கடற்கரைக்கு இறக்கம் புதிதில்லை. முத்துக்குளித்த ஊர் இது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல பாகம் ஆழத்தில் கிடக்கும் முத்துப் பாருக்கு நேர்செங்குத்தாக இறங்கியவர்கள் இந்தக் கரைக்காரர்கள். அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அந்தக் கல்லின் எடை என்ன தெரியுமா? ஏறத்தாழ இந்தச் சைக்கிளின் எடைதான். பழைய ஆட்கள் இன்னொன்றும் சொல்வார்கள். மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவன் குளிப்பவனுக்கு மச்சானாக இருக்க வேண்டும். அக்காளோ தங்கச்சியோ தாலியறுக்கக் கூடாது என்கிற கவலையிலாவது கயிற்றை ஒழுங்காகப் பிடிப்பான் என்று.

டவுன்ஹில் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் இதுவரை கேட்டதில் இதைவிட நல்ல யோசனை இல்லை. சக்கரம் எந்தக் கம்பெனி என்பது அப்புறம். அதைக் கோத்து முறுக்குகிறவனுக்கு நீங்கள் உயிரோடு இருப்பதில் ஏதாவது ஆதாயம் இருக்க வேண்டும்.

எனக்கு மச்சான் கிடையாது. கடன் இருந்தது. திரேஸ்புரம் போகிற வழியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பாக்கி. என் மகனின் பள்ளிக்கூட சைக்கிள் காலத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை. நான் செத்தால் அழுகிறவர்கள் பட்டியலில் நாலாவது இடமாவது அவருக்கு உண்டு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கேயே போனேன்.

அண்ணாச்சி பஞ்சர் தொட்டியிலிருந்து கையை எடுக்காமல் பார்த்தார். "என்ன வே, ஹார்பர்ல கிரேன்ல இருந்து கழட்டிட்டு வந்துட்டீரா?"

விவரம் சொன்னேன். பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அது இடமும் வலமும் தலையாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது கோட்டம் எடுக்கிற கேஸு இல்ல. எடுத்துப் பொதைக்கிற கேஸு."

வள்ளுவர் கோட்டம் என்று பெருமையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சைக்கிள் கடையில் மட்டும் கோட்டம் என்றால் நோய். ரிம் வளைந்து ஆடுவதுதான் கோட்டம். சாவியால் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் அதைச் சரிசெய்வது கோட்டம் எடுப்பது. அண்ணாச்சி ஐம்பது வருடமாகக் கோட்டம் எடுக்கிறார்.

பிறகு அவர் கம்பியை எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் மாறியது. "இருவத்தெட்டா? லே, உப்பு விக்கிறவன் சைக்கிளுக்கு முன்னால முப்பத்திரெண்டு, பின்னால நாப்பது. ரெண்டு மூட்டை உப்பை வச்சு மிதிச்சிட்டுப் போவான். மலையில இருந்து குதிக்கிற வண்டிக்கு இருவத்தெட்டா? எவன் வே கணக்குப் போட்டான்?"

வெளிநாட்டுக்காரன் என்றேன்.

"அவனுக்கு நீரு துட்டுத் தர வேண்டியது ஒண்ணும் இல்லல்லா. அதான்."

அன்று ராத்திரி மருமகனுடன் வீடியோ காலில் பேச்சுவார்த்தை. அவன் டொரண்டோவில் பனிக்கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தான். நான் முண்டா பனியனில் விசிறிக்கொண்டிருந்தேன். கார்பன் ரிம் போடச் சொன்னான். எடை குறைவு, விறைப்பு, நேராகப் போகும். விலை சொன்னான். என் இரண்டு மாதச் சம்பளம். அதுவும் ஒரு சக்கரத்துக்கு. "உடையாதா?" என்றேன். "உடையாது மாமா. ஆனா உடைஞ்சா உடைஞ்சதுதான்" என்றான். உலகத்து விற்பனைப் பேச்சுகளிலேயே நேர்மையான வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கார்பனைப் பார்க்காமலே விளக்கினார். "அலுமினியச் சட்டி கீழ விழுந்தா நெளியும். தட்டி எடுத்துட்டு அதுலயே கொழம்பு வைக்கலாம். பீங்கான் விழுந்தா?" ரிம்மின் ஓரம் கல்லில் பட்டு மடங்கினால் ஸ்பேனரை வைத்து நிமிர்த்திவிட்டு அடுத்த இறக்கத்துக்குப் போகலாம் என்பதால், பெரிய பந்தயக்காரர்களிலேயே அலுமினியத்தை விடாதவர்கள் இருக்கிறார்கள். மருமகனே இதைப் பின்னால் ஒப்புக்கொண்டான். நல்ல டவுன்ஹில் சக்கரம் ஜோடி இரண்டு கிலோவுக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். அதில் இருநூறு முந்நூறு கிராமைக் குறைக்கத்தான் இத்தனை பாடு. என் தொப்பையைக் குறைத்தால் பத்துக் கார்பன் சக்கரத்துக்குச் சமம் என்று என் மனைவி கணக்குச் சொன்னாள். மயிலிறகைக் கூட அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று எச்சரித்த வள்ளுவர், ஏறி உட்காருகிறவனைப் பற்றித்தான் சொல்லியிருப்பாரோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

முடிவு இதுதான்: அலுமினிய ரிம், இரட்டைச் சுவர் உள்ளது, முப்பத்திரண்டு துளை. துருப்பிடிக்காத கம்பி, நடுவில் மெலிந்து இரு முனையும் தடித்தது. நாற்பது துளையில் இந்த அகல ரிம் கிடைக்காது என்று தெரிந்ததும் அண்ணாச்சி ஒருநாள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் பேசினார். "நிப்பிள் மட்டும் பித்தளை. அதுல பேச்சே கிடையாது."

நிப்பிள் என்பது கம்பியின் நுனியை ரிம்மோடு பிடித்திருக்கும் குட்டித் திருகு. அலுமினியத்திலும் வரும், பல நிறத்தில், ஜிமிக்கி மாதிரி. பித்தளை கொஞ்சம் எடை அதிகம். முப்பத்திரண்டுக்கும் சேர்த்து ஒரு வாய் தேங்காய்ச் சோறு அளவு எடைதான் கூடும். "எதுக்கு அண்ணாச்சி பித்தளை?" என்று கேட்டேன்.

"மலை உம்மை ஒருநா அடிக்கும் வே. உப்புக்காத்து முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் அடிக்கும்."

அன்றைக்கு அதைப் பஞ்ச் டயலாக் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து ரிம்மும் கம்பியும் கூரியரில் வந்தன. அண்ணாச்சி சக்கரம் கோத்த அந்தச் சாயங்காலத்தை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன். உடைந்த சக்கரத்தின் ஹப்பை மடியில் வைத்துக்கொண்டார். துளை இருபத்தெட்டா முப்பத்திரண்டா என்பதில் ஹப்பும் ரிம்மும் ஒத்துப்போக வேண்டும் என்று அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. ஹப்புக்கு இன்னொரு கூரியர், இன்னொரு வாரம். அதை இந்தச் சாயங்காலத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஹப் வந்தது. கம்பியை ஒவ்வொன்றாக, ஊசிக் கண்ணில் நூல் கோப்பதுபோல் கோத்தார். ஒரு கம்பி ரிம்முக்குப் போவதற்குள் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் குறுக்கே கடக்க வேண்டும். மூன்றாவதை அடியில் நுழைந்து கடக்க வேண்டும். பாய் முடைகிற கை வேலை. பிறகு சாவியை எடுத்தார். கால் திருகு, ஒரு சுற்று, கால் திருகு, ஒரு சுற்று.

அதுவரை நான் நினைத்திருந்தது, நாம் சீட்டில் உட்கார்ந்தால் நம் எடை ஹப்புக்குக் கீழே இருக்கும் கம்பிகள் மேல் நிற்கிறது, நாற்காலிக்குக் கால் மாதிரி என்று. அண்ணாச்சியிடம் சொன்னேன். ஒரு பழைய கம்பியை எடுத்து என் உள்ளங்கையில் நட்டு, மேலிருந்து அழுத்தினார். வளைந்துபோனது. "இது தாங்குமா உம்மை? கம்பிக்குத் தாங்கத் தெரியாது. இழுக்கத்தான் தெரியும். முப்பத்திரண்டு பேரும் நாலா திசையிலும் ஹப்பை இழுத்துக்கிட்டே இருக்கான். நீரு உக்காந்தா, கீழ இருக்கிறவன் இழுக்கிறதைக் கொஞ்சம் கொறைச்சுக்கிடுவான். அம்புட்டுத்தான். முன்னாலயே இழுத்துப் பிடிக்காதவன்னா, கொறைக்க என்ன இருக்கு? தொளதொளன்னு போயிருவான். அப்பந்தான் வீலு அப்பளமாவுது." 1981-ல் ஜாப்ஸ்ட் பிராண்ட் என்கிற அமெரிக்க எஞ்சினியர் இதையே கணக்குப் போட்டுக் காட்டி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அண்ணாச்சி போட்டது இரண்டு நிமிடம், ஒரு பழைய கம்பி.

கடைசியில் கம்பிகளை விரலால் மீட்டினார். டிங், டிங், டிங், டொங். டொங் என்றதை ஒரு கால் திருகு. டிங். அந்தப் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதிக்கு வந்தால்தான் எல்லோரும் ஒரே அளவு இழுக்கிறார்கள் என்று அர்த்தம். தெருவில் போன ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி இந்தக் கச்சேரியைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது அவருக்கு இந்த விளையாட்டு பிறந்த கதையைச் சொன்னேன். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவில் சில பையன்கள் பழைய காயலான்கடை சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மலையேறி, மூன்றரை கிலோமீட்டருக்குள் நானூறு மீட்டர் இறங்கும் ஒரு மண் பாதையில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக், ஹப்புக்குள்ளேயே. கீழே வருவதற்குள் ஹப் கொதித்து கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது.

அண்ணாச்சி கேட்டுவிட்டு, "நாம துட்டுக்கு ஓவராயில் பண்ணுதோம். அவனுவ அதை வெளையாட்டாக்கிட்டானுவளா?" என்றார்.

இன்னொரு கதையும் சொன்னேன். ஆரன் க்வின் என்கிற பெரிய பந்தயக்காரர் 2014-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பையில் டயர் போய், வெறும் ரிம்மிலேயே மலையிறங்கினார் என்று. அதற்கு அண்ணாச்சி அசையவே இல்லை. "பஞ்சர் ஒட்டத் துட்டு இல்லாதப்போ நம்ம ஊர்ல எல்லாவனும் அப்பிடித்தான் வருவான்."

சக்கரம் தயார். இறங்குவதற்கு இடம்தான் இல்லை. அதனால் துறைமுகத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சமதளத்தில் அந்தச் சைக்கிளை மிதிப்பது குத்துக்காலிட்டுக் கொண்டு கிணற்றில் நீர் இறைப்பது போல. முழங்கால் தாடையை இடிக்கும். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் குனிந்து நிமிர்ந்து கும்பிடு போடும். வழியெல்லாம் காற்றாலை இறக்கைகளை ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே, முன்னால போறது நீங்களா, நிக்கிறது நீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

ஜூனில் கச்சான் காற்று கிளம்பியபோது ஒரு உண்மை தெரிந்தது. எங்கள் ஊரில் ஏற்றமும் இறக்கமும் மண்ணில் இல்லை, காற்றில் இருக்கிறது. மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான், காலையில் வேலைக்குப் போகிறவனை முதுகில் கைவைத்துத் துறைமுகம் வரை தள்ளிக்கொண்டு போய் விடும். பெடலைத் தொடவே வேண்டாம். இதுதான் டவுன்ஹில்! சாயங்காலம் அதே காற்று நெஞ்சில் கைவைக்கும். அப்போது தூத்துக்குடி டவுன் கொடைக்கானல் உயரத்துக்குப் போயிருக்கும். மலையே இல்லாமல் காலையில் இறக்கமும் மாலையில் ஏற்றமும் உள்ள ஊர் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழா. பத்து வருடத்துக்குப் பிறகு தங்கத் தேர். ஊரே நிமிர்ந்து மாதாவைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தது. நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது. "மாதாவை மேல பாருங்க." பார்த்தேன். பனியையே காணாத ஊரில் பனிமாதா நானூறு வருடத்துக்கு மேல் குடியிருக்கிறாள். மலையையே காணாத ஒரு சைக்கிள் என் வீட்டு மொட்டைமாடியில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அப்போது தோன்றியது. அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. செப்டம்பரில் தேரிக்குப் போனேன்.

திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி, பார்க்காதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல், மேடு மேடாக, பனையும் முந்திரியுமாக. செவ்வாய் கிரகத்தில் யாரோ பனைமரம் நட்டது போல. ஒரு மேட்டின் உச்சிக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஹெல்மெட், முழங்கால் கவசம், மருமகன் அனுப்பியிருந்த கண்ணாடி. கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கையைக் கண்மேல் வைத்துப் பார்த்தார். மூச்சை இழுத்தேன். பிரேக்கை விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

சைக்கிள் அரை சாண் மணலுக்குள் இறங்கி, அப்படியே நின்றது. மிதித்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது. கீழ்நோக்கி, ஆனால் முன்நோக்கி இல்லை. முப்பத்திரண்டு கம்பி, பித்தளை நிப்பிள், இரட்டைச் சுவர் ரிம், எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு மணலுக்குள் புதைந்துகொண்டிருந்தன. கடைசியில் நான் மட்டும் பக்கவாட்டில், மிக மெதுவாக, கூடை சாய்வதுபோல் சாய்ந்தேன். பெரியவர் ஆடுகளை விட்டுவிட்டு ஏறி வந்தார். "தம்பி, காத்து எறக்கிட்டு ஓட்டணும்" என்றார். டயரைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் கடைசியில் பொன்முடியில் ஆசிய மலைச்சைக்கிள் போட்டி. திருவனந்தபுரம் பக்கம், நமக்கு எட்டுகிற தூரம். சைக்கிளையும் கொண்டுபோய், பந்தயம் முடிந்த பிறகு மலைச்சாலையிலாவது ஒருமுறை இறங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். "பொன்முடியும் வேண்டாம் தலைமுடியும் வேண்டாம், திருச்செந்தூர்ல போய் மொட்டை போட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. ஆனாலும் கிளம்பத்தான் போகிறேன் என்று மொட்டைமாடியில் சைக்கிளைத் துடைக்கப் போனேன்.

பின்சக்கரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. முன்சக்கரத்தைத் தொட்டால், ஒரு கம்பி கையோடு வந்தது. அதன் முனையில் நிப்பிள் இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும். முன்சக்கரம் மருமகனுடைய பழசு. நல்லாத்தானே இருக்கிறது என்று மாற்றாமல் விட்டது. சிவப்பு அலுமினிய நிப்பிள்கள். ஏழெட்டு மாத உப்புக்காற்றில், எந்த மலையிலும் இறங்காமல், எந்தக் கல்லிலும் மோதாமல், நின்ற இடத்திலேயே உதிர்ந்துபோயிருந்தன. சக்லேஷ்பூர்ப் பாறையில் தப்பித்த சக்கரம் தூத்துக்குடி மொட்டைமாடியில் செத்தது.

எங்கள் ஆபீசுக்கு வந்துபோகும் ஒரு கப்பல் எஞ்சினியரிடம் இதைப் புலம்பினேன். அவர் சிரித்தார். "கப்பல் அடியில துத்தநாகக் கட்டி ஒட்டியிருப்போமே, பார்த்ததில்லையா?" பார்த்திருக்கிறேன், எண்ணியும் இருக்கிறேன், எதற்கு என்று கேட்டதில்லை. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி. இரண்டில் இளகின உலோகம் தன்னைக் கரைத்து மற்றதைக் காப்பாற்றும். கப்பலில் துத்தநாகம் கரைகிறது, இரும்பு பிழைக்கிறது. என் முன்சக்கரத்தில் அலுமினிய நிப்பிள் கரைந்தது, எஃகுக் கம்பி பிழைத்தது. பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் மிச்சமில்லை. கார்பன் ரிம் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கரைந்திருக்கும் என்றார். இரண்டு மாதச் சம்பளம் மிச்சமானது அப்போதுதான் எனக்கு நெஞ்சில் குளிர்ந்தது.

அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். வெள்ளைப் பொடியை ஆட்காட்டி விரலில் தொட்டுப் பார்த்தார். நல்லவேளை, நாக்கில் வைக்கவில்லை. "சொன்னேன்லா" என்று சொல்லவும் இல்லை. அவர் அப்படிச் சொல்லாமல் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. முன்சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு, பித்தளை. பொன்முடியில் பந்தயம் நான் இல்லாமலே நடந்து முடிந்தது.

டிசம்பர் 17. அந்த மழையை எங்கள் பக்கத்து ஆட்களிடம் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பைக்கெல்லாம் முங்கி, கார் மிதந்து, எந்த எஞ்சினும் மூச்சுவிடாத நாட்கள் அவை. எஞ்சின் இல்லாத ஒன்று மொட்டைமாடியில் காய்ந்தபடி நின்றது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் அதைக் கீழே கொண்டுவந்தேன். கேரியர் இல்லாததால் மீன்வலைக் கயிற்றில் இரண்டு பக்கமும் பைகளைக் கட்டினேன். பால் பாக்கெட், குடிதண்ணீர் கேன், பக்கத்துத் தெரு அம்மாளுக்குப் பிரஷர் மாத்திரை. தண்ணீருக்கடியில் ரோடு எங்கே, பள்ளம் எங்கே, சாக்கடை மூடி எங்கே என்று தெரியாது. டம் என்று விழும். 200 மில்லிமீட்டரும் உள்ளே போகும். டம் என்று எழும்பி வரும். இரண்டு சக்கரமும் ஒரு மயிரிழை கோணவில்லை. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, பத்து மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சைக்கிளை 'அது' என்று சொல்லாமல் 'சைக்கிள்' என்று சொன்னாள்.

தண்ணீர் வடிந்த பிறகு சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று உப்பு அரைக்கிற சத்தம். அண்ணாச்சி கடைக்குள்ளும் சேறு. அவர் ஸ்டூலைக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, செங்கல் மேல் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஹப்பைப் பிரித்தார். பழக்க தோஷத்தில் பால்ரஸ் தேடினார். அது இல்லை, மூடி போட்ட பேரிங். கோணி ஊசியால் அதன் ரப்பர் மூடியை நெம்பி எடுத்தார். உள்ளேயிருந்து டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. மண்ணெண்ணெய் விட்டு அலசி, ஊதி, மறுபடி அலசி, டப்பாவிலிருந்து கிரீஸை விரலால் வழித்து அடைத்தார்.

"அமெரிக்காவுல இதுக்கு என்னமோ பேரு சொன்னீரே?"

"ரீபேக், அண்ணாச்சி."

நோட்டைத் திருப்பி, என் பக்கத்தில், நனைந்து கோடழிந்த வரிகளுக்குக் கீழே அந்தச் சொல்லைத் தமிழில் எழுதினார். பக்கத்தில் தொகை. முந்தின வரிகள் மழையில் கரைந்து எந்த எண்ணும் வாசிக்கிற நிலையில் இல்லை. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். வ.உ.சி. துறைமுகத்தில் முப்பது வருடம் எண்ணிக் குறிக்கிற வேலை பார்த்தவன் நான். பழைய பாக்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

"நாலாயிரத்து அறுநூறு" என்றேன்.

"அஞ்சாயிரத்து நூறு" என்றார் அண்ணாச்சி, கிரீஸ் கையைத் துடைத்தபடி.